பின்விளக்கு எரிந்தது

நவம்பர் 9, வியாழக்கிழமை. என் மனக்குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகனுடைய மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு எரியவில்லை, அதனால்தான் லாரி மோதி அவன் இறந்தான் என்று எல்லோரும் பேசுகிறார்கள். மோதலில் அந்த விளக்கு தூள் தூளாகிவிட்டது. தூளைப் பார்த்து, எரிந்ததா எரியவில்லையா என்று இவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கீழே எழுதியிருப்பது இன்று மாலை உண்மையாகவே நடந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் எழுத்தைத் திருத்திய கை இது. கூட்டி எழுத அதற்கு வராது.

பழுது பார்த்த வண்டியை மருமகள் தானே ஓட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு திரும்ப இருட்டிவிடும். "அவரோட வண்டி மாமா. விக்க வேணாம்" என்றாள். சரி, விளக்குகளையாவது எல்.இ.டி.யாக மாற்றிவிடலாம் என்று மெக்கானிக்கிடம் போனோம்.

நான்கு இண்டிகேட்டர்களையும் மாற்றி, சுவிட்சைத் தட்டினார். டகடகடகவென்று விளக்குகள் படபடத்தன.

"என்னப்பா இது, பேயறைஞ்ச மாதிரி அடிக்குது?"

"இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிறது பழைய ஃபிளாஷர் சார். எல்.இ.டி. கரண்டு கம்மியா இழுக்கும். ஏதோ ஒரு பல்பு இல்லாமப் போயிடுச்சுன்னு அது நெனைச்சுக்கும். அதான் இந்த அவசரம். புது ஃபிளாஷர் நாளைக்குத்தான் வரும்."

ஒன்று இல்லாமல் போனால் அதற்குத் தெரிந்துவிடுமாம். சில மாதங்களாக எனக்கு எதுவும் உறைப்பதில்லை.

பிறகு பின்விளக்கு. அந்த வண்டியில் பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் சேர்த்து ஒரே பல்பு. புதிய பல்பைக் கையிலேயே பிடித்து, ஒயர்களை அதில் தொட்டுக் காட்டினார்.

"எரியுது பாருங்க சார்."

"எரியுதுன்னு சொல்லாதே. இதுக்குள்ள எரிய இழை கிடையாது. சூடும் இல்ல. ஒளிருதுன்னு சொல்லு."

"ஒளிருதோ மிளிருதோ, பின்னாடி வர்றவன் கண்ணுல பட்டாப் போதும் சார்!"

மருமகள் சிரித்தாள். பல நாள் கழித்துச் சிரித்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மெக்கானிக் அவசர அவசரமாகச் சிவப்பு மூடியைத் திருகி, வண்டியைக் கொடுத்துவிட்டார்.

மணி 6:40. அவள் முன்னே. நான் ஸ்கூட்டரில் பின்னே.

அவளுடைய வண்டியின் பின்புறம் இருட்டாக இருந்தது. விளக்கைப் போட மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு முன்னால் சாலை வெளிச்சமாகத்தான் இருந்தது...

பாலத்துக்கு முந்திய திருப்பம். என் மகன் விழுந்த இடம்.

பின்னாலிருந்து ஹாரன். ஒரு லாரி என்னைத் தாண்டிச் சீறிக்கொண்டு போனது. நேராக அவளை நோக்கி.

வளைவில் லாரிக்கு அந்தப் பக்கம் அவள் தெரிந்தாள்; திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தாள். இண்டிகேட்டர் மழையில் படபடத்தது. லாரி குறைக்கவில்லை.

கத்த வாயைத் திறந்தேன்.

அப்போது...

சிவப்பு. ஒரு முறை.

மீண்டும் ஒரு முறை.

பிறகு அணையாமல் நின்றது. ஈரச் சாலை முழுவதும் சிவந்தது.

பிரேக்கை இரண்டு முறை தட்டிவிட்டு அழுத்துவது என் மகனுடைய பழக்கம். நான் பின்னால் வரும்போதெல்லாம் அப்படிச் செய்வான். "திரும்பப் போறேன்பா, பார்த்து வாங்க" என்று அதற்குப் பொருள். வேறு யாருக்கும் அது தெரியாது.

கிறீச்...

லாரி நின்றது. இடையில் ஒரு கை நீளம்தான் இருந்தது.

ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். "நல்லவேளை, பிரேக் லைட்டைப் பார்த்தேன் ஐயா. அது மட்டும் எரியலன்னா..."

மருமகளிடம் கேட்டேன். "ரெண்டு தடவை தட்டினியாம்மா?"

"இல்லையே மாமா. பிரேக்கை ஒரே தடவைதான் பிடிச்சேன்."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். இண்டிகேட்டரை இன்னும் அணைக்கவில்லை.

டக்...

டக்...

டக்...

நிதானமாக. எதுவும் குறையாதது போல.

அவள் சாவியை எடுத்தாள். நான் பின்விளக்கின் மூடியைத் தொட்டேன்.

சுட்டது.

கைப்பேசி அடித்தது. மெக்கானிக். "சார், வண்டியை எடுக்காதீங்க! எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்கு வந்துட்டோம்."



"சார்... பின்னாடி போட வேண்டிய பல்பு என் மேசை மேலயே கிடக்கு. கையில வெச்சுக் காட்டினேன்ல... எரியுதா ஒளிருதான்னு பேசிக்கிட்டே மாட்டாம மூடிட்டேன். உள்ள காலி சார். ஒண்ணுமே இல்ல."

திருப்புளியால் மூடியைக் கழற்றினேன். அவர் சொன்னது சரி. உள்ளே ஒன்றுமில்லை.

மூடி என் கையில் மெல்ல மெல்ல ஆறியது.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என் மகனின் வண்டியைப் பற்றி இனி எங்கே பேச்சு வந்தாலும், பின்விளக்கு எரிந்தது என்று சொல்லுங்கள். ஒளிர்ந்தது என்று அந்தச் சொல்லைத் திருத்தாதீர்கள்.