நீலாவதி துடைத்த ஏரி

நீலாவதிக்கு அரைகுறை வேலை என்றால் ஆகாது. தேய்த்த பாத்திரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் போதும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "உன் வீட்டுச் சட்டியில முகம் பார்த்துப் பொட்டு வெச்சுக்கலாம்டீ" என்பாள் பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜம். அதில் பாதி மெச்சுதல், பாதி வயிற்றெரிச்சல்.

புருஷன் வேலாயுதம் வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எழுபத்தாறாம் வருஷம் இரண்டு வேகன்களுக்கு நடுவே இடது கால் போயிற்று. அவனுக்குப் பதிலாக இவளுக்கு ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலைக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் தங்கியது, சோறு தங்கியது. மனுஷன்தான் தங்கவில்லை. ஜோலார்பேட்டைக் குரலில் யார்டையே அதட்டிக்கொண்டிருந்தவன் ஜன்னலோரம் ஊமையாக உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்டால் சாப்பிடுவான், அவ்வளவுதான்.

ஜன்னலுக்கு எதிரே ஏரி. கார்த்திகை பிறந்தால் அங்கே வாத்துகள் வந்து இறங்கும். பழுப்பு நிறம், கோழியைவிடச் சின்னது, பறக்கும்போது விசில் அடிக்கும். வங்காளிகள் சராலி என்பார்கள். ஒரு பனிக்காலையில் அந்த விசிலுக்கு வேலாயுதம் பதில் விசில் கொடுத்ததை நீலாவதி சமையற்கட்டிலிருந்து கேட்டாள். யார்டில் வண்டி தள்ளும்போது அவன் அடிக்கிற அதே விசில். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது, பிடிக்கட்டும் என்று நின்று கேட்டாள். அதற்கப்புறம் வாத்து இருக்கிற நாலு மாதம்தான் அவளுக்கு வருஷம்.

எண்பத்திரண்டு செப்டம்பரில் பவானிபூரிலிருந்து ஷிபானி வந்தாள். காலேஜில் தாவரவியல் டீச்சர். ஞாயிறுதோறும் ஸ்லைடு மெஷினைத் தூக்கிக்கொண்டு காலனி காலனியாகப் போய் காடு, பறவை, களைச்செடி என்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். இன்ஸ்டிட்யூட்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சினிமா என்று நினைத்து வந்தவர்கள் பாதிப் பேர். ராஜத்தின் புருஷன் கோபு, வேலாயுதத்தையும் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தான்.

நம் தமிழ்ப் பெண்களுக்குத் தெரிந்தது மீன் வாங்குகிற வங்காளம். ஷிபானி பேசியது காலேஜ் வங்காளம். எல்லோரும் திருதிருவென்று முழித்தார்கள். ஹாலில் நடக்கிற கூட்டங்களைக் கேட்டுக் கேட்டே அந்த வங்காளமும் பழகியிருந்த நீலாவதி, துடைப்பமும் கையுமாக ஓரத்தில் நின்றவள், சிரித்த முகமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஏரியை மூடிக்கிட்டு இருக்குதே வெங்காயத்தாமரை, அது நம்ம சீமைச் செடியே இல்லியாம். பூ நல்லாருக்குன்னு எவனோ கடல் தாண்டிக் கொண்டாந்து விட்டானாம். தண்ணி முழுக்க மூடிட்டா மீனுக்கு மூச்சு முட்டும், வாத்துக்கும் இறங்க இடம் இருக்காது. எடுத்துடணுங்கிறாங்க டீச்சர் தீதி."

ஷிபானி இன்னொன்றும் சொன்னாள். "முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். நடுவில் திட்டுத்திட்டாக விடுங்கள். பகலில் வாத்துகள் அதன்மேல்தான் உட்கார்ந்து தூங்கும்."

நீலாவதி அதைச் சொல்லவில்லை. விருந்தாளி வருகிற வீட்டில் பாதியைக் கூட்டிவிட்டு, மீதிக் குப்பையை நடுக்கூடத்தில் விடுவார்களா யாராவது? படித்தவர்களுக்கு இளகின மனசு, நமக்குக் கஷ்டம் என்று விட்டுக்கொடுக்கிறாள் என்று தானே முடிவு கட்டி, அந்தப் பேச்சை விழுங்கிவிட்டாள்.

ஷிபானி பூஜை லீவில் சொந்த ஊர் போனாள். இங்கே பெண்கள் ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவுவதுபோல ஏரியைக் கழுவினார்கள். கரையோரம் அவர்கள் இழுக்க, நடுத்தண்ணீருக்குக் கோபு மீன்காரப் படகில் போனான். தீபாவளிக்குள் ஒரு இலை பாக்கியில்லை. அன்றைக்கு நீலாவதியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

கார்த்திகையில் வாத்துகள் வந்தன. ஏரியை மூன்று சுற்றுச் சுற்றின. விசிலடித்துக்கொண்டே அப்படியே போய்விட்டன. மறுநாளும் இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் வரவேயில்லை.

வேலாயுதம் ஜன்னலைச் சாத்தினான். "பனி அடிக்குது" என்றான்.

அந்த ஞாயிறு ஷிபானி மெஷினோடு வந்தபோது ஹாலில் ராஜம் பிடித்துக்கொண்டாள். "உங்க பேச்சைக் கேட்டு இடுப்பொடிஞ்சதுதான் மிச்சம். இருந்த வாத்தும் போச்சு. இனிமே உங்க படமும் வேணாம், பாடமும் வேணாம்." ஒன்றும் புரியாத ஷிபானி, என்ன சொல்கிறார்கள் என்று நீலாவதியைத்தான் பார்த்தாள்.

இப்போதும் விழுங்கியிருக்கலாம். கேட்பார் யார்? ஆனாலும் முதலில் தமிழில் சொன்னாள். "தீதி மேல தப்பில்ல. நடுவுல விடச் சொன்னாங்க. நான்தான் உங்களுக்குச் சொல்லல." பிறகு அதையே வங்காளத்தில் சொன்னாள்.

"நல்லாப் புடிச்சேடீ புள்ளையாரு, குரங்கா நிக்குது" என்றாள் ராஜம். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகினாள். "லைன் ஓரப் பள்ளத்துல அந்தச் சனியன் மண்டித்தான் கிடக்கு. வா, இழுத்துட்டு வருவோம்."

வெளியே தள்ளியதையே மறுபடி உள்ளே கொண்டுவருகிற பெண்களைப் பார்த்து யார்டே சிரித்தது. செடி பரவாமலிருக்க மூங்கில் சட்டம் கட்டி, அதற்குள் அடைத்து, நடு ஏரியில் நிறுத்தச் சொல்லிக்கொடுத்தாள் ஷிபானி. அவள் புடவையிலும் முழங்கால்வரை சேறு.

வீட்டுக்கு வந்து நீலாவதி புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"தெரியும்" என்றான் வேலாயுதம். "யார்டுல இருபது வருஷம் வங்காளம் பேசினவன். தீதி சொன்னது எனக்குக் கேக்காதா?"

"அப்போ ஏங்க வாயைத் திறக்கல?"

"கால் போனப்புறம் நீ சிரிச்சு நான் பார்க்கல, நீலா. அன்னிக்கு அத்தனை பேர் நடுவுல சிரிச்சுச் சிரிச்சுப் பேசினே. குறுக்கே பேச மனசு வரல. வாத்துதானே, போனாப் போவட்டும்னு இருந்துட்டேன்."

நீலாவதி அவன் மடியில் தலையைச் சாய்த்து, சேற்றுக் கையோடு அழுதாள். அவன் எட்டி ஜன்னலைத் திறந்தான்.

பத்து நாள் ஒன்றும் வரவில்லை. அவள் வேண்டாத தெய்வமில்லை. மார்கழி பிறந்த மறுநாள் காலை, கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏரிப்பக்கம் ஒரு விசில் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னலிலிருந்து பதில் விசில் வந்தது.

பாதி தேய்த்த சட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள் நீலாவதி.