அடுப்புக்கு மூச்சு விட ஓர் ஓட்டை

சில வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதப் புதன்கிழமை மதியம், ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது.

அதற்கு முந்திய குளிர்காலத்தில் உறைமழை பெய்து கரண்ட் போய், அப்பா, அம்மா, நான் மூவரும் பனிக்கால ஜாக்கெற்றோடு படுத்து எழும்பினோம். அதன் பிறகு அப்பா வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றில் ஒரு விறகு அடுப்புப் பூட்டுவித்தார். பூட்ட வந்தவர் சிம்னியோடு நிற்காமல், சுவரில் துளையிட்டு வெளிக்காற்று உள்ளே வர ஒரு குழாயும் வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "வெக்கைக்கு அடுப்பு வாங்கிப்போட்டு, குளிர் வர ஓட்டையும் போடுறதோ?" என்று என்னைக் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வீட்டுக்கு எந்தக் கடதாசி வந்தாலும் வாசித்துச் சொல்லும் பதவி சின்ன வயதிலிருந்தே என்னுடையது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அடுப்போடு வந்த புத்தகத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். நெருப்பு எரியக் காற்று வேண்டும், எங்களுடையது புது வீடு, யன்னல் கதவெல்லாம் இறுக்கம், இந்தக் குழாயை விட்டால் காற்றுக்கு வேறு வழியில்லை என்று ஒரு விரிவுரையே நடத்தினேன். அப்பா தலையாட்டினார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யும் என் மேசையும் பேஸ்மென்றில்தான் இருந்தது. அடுப்பு முகத்தைச் சுட்டது, குழாய்க் காற்று காலை விறைக்க வைத்தது. சாப்பிட இருக்கும்போதெல்லாம் அதைச் சொல்லி முறைப்பட்டேன். ஒருநாள் அந்தக் குளிர் சட்டென்று நின்றுபோனது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அந்தப் புதன்கிழமை மேலே அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். ஜாக்கெற்றுகளில் வாசம் ஏறக்கூடாது என்று சமையலறை மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. கீழே எனக்குத் தலையிடித்தது. அலுவலகக் கூட்டம் நடக்கும்போது வழக்கமாக இடிப்பதுதான். பிறகு அடுப்புக் கதவின் இடுக்கால் புகை கசிந்தது. அலாரம் கத்தியது.

எங்கள் வீட்டில் அலாரம் கத்தினால் ஒரே வைத்தியம், துவாயால் விசுக்கிப் புகையைக் கலைப்பது. அப்பா துவாயோடு படியில் இறங்கி வந்தார். "உது கொம்மான்ர மீன் புகை, பயப்பிடாதை" என்றார். தன் மீன் கருகவே இல்லை என்று மேலேயிருந்து அம்மா மறுத்தார். அப்போதுதான் கவனித்தேன். கத்தியது சமையலறை அலாரம் அல்ல, மணமே இல்லாத நச்சுவாயுவைக் கண்டுபிடிக்க வைத்த மற்ற அலாரம்.

"அப்பா, உது மீனில்லை. வெளியில போங்கோ" என்று அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

அம்மா சமையல் அடுப்பை நிற்பாட்டிவிட்டு, பொரித்த மீனைத் தட்டோடு தூக்கிக்கொண்டுதான் வந்தார். பனியில் மூவரும் ஆவி பறக்கும் மீனும் நிற்க, நான் அழைத்த தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு வீரர் வெளியே வந்தார். கையில் என் பல்கலைக்கழகச் சுவெற்றர். அதைத்தான் நான் வாரக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். குழாய்க்குள் இதை அடைத்தது யார் என்று கேட்டார். இத்தனை வருடம் இந்த நாட்டில் வேலை செய்த அப்பாவுக்கு அந்த நிமிடம் ஆங்கிலம் மறந்துபோனது.

மின்விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுத்திருக்கிறது. குழாயால் காற்று வர வழியில்லாததால், சிம்னியால் இறங்கிய காற்று புகையையும் நச்சுவாயுவையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறது. அந்த வீரர் சொல்லச் சொல்ல நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் கீழே இருந்திருந்தால் நான் அப்படியே நித்திரையாகியிருப்பேன், எழும்பியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதை மட்டும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் அப்பாவுக்கு மொழிபெயர்க்காமலே விளங்கியது.

அப்பா அந்தச் சுவெற்றரை வாங்கி மடித்தார். பிறகு மெதுவாக, "நீதானே பிள்ளை கால் விறைக்குது எண்டு சொன்னனீ" என்றார். "உதைவிடத் தடிப்பான துணி வீட்டில இல்லை."



இப்போது அப்பா குழாய் வாயில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்காமல் அடுப்பை மூட்டுவதில்லை. நான் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு அதே மேசையில் இருக்கிறேன். கால் விறைக்கும்போது முறைப்பட இன்னமும் வாய் வரும். மேலே அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டதும், காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.