போர்வை சுமந்த சைக்கிள்

பாலக்கோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜமீருக்கு மூன்று வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலைப் பார்த்துப் பார்த்துப் பெற்றவளின் மனமும் சூம்பிப்போனது என்றால் நம்புவீர்களா?

மலைமேல் அடங்கியிருக்கும் அவுலியாவின் தர்காவுக்கு ஆண்டுதோறும் பட்டுப் போர்வை கொண்டுபோவது அவர்கள் குடும்பத்து உரிமை. வீட்டுக்கு மூத்தவன் அதைத் தலையில் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், யாரும் தூக்காமல் ஏற வேண்டும். தந்தை இறந்தபின் அது ஜமீருக்கு வந்திருக்க வேண்டும். "நொண்டி எப்படி ஏறுவான்?" என்று கேட்டே தம்பி கவுஸ் பாஷா எடுத்துக்கொண்டான்.

ஒருமுறையாவது தன் கையால் அந்தப் போர்வையைச் சமாதியின்மேல் போர்த்த வேண்டும். ஜமீருக்கு வேறு ஆசையே கிடையாது.

எண்பத்தாறாம் வருடம் அதற்கென்றே ஒரு சைக்கிள் கட்டினான். மொபெட்டின் தடித்த டயர்கள். முன்னும் பின்னும் சுருள் ஸ்பிரிங். மிதிக்க லேசாக இருக்க முன்னால் சின்னப் பல்சக்கரம்.

விழாவன்று அடிவாரத்தில் செருப்பைக் கழற்றினான். தம்பி எடுக்குமுன் போர்வையை எடுத்துத் தலையில் கட்டினான். வலது பாதத்தைப் பெடலோடு சேர்த்து ரப்பர் பட்டையால் இறுக்கினான். ஒரே கால் மிதிக்கவும் வேண்டும், இழுக்கவும் வேண்டுமே! பிறகு டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினான்.

"என்னங்க பாய், வண்டிக்கு யானைக்கால் வந்துட்டுதுங்களா?" என்றார் தக்காளி விவசாயி ஆண்டி.

"காத்து கம்மியா இருந்தாத்தாங்க பாறையைப் புடிக்கும்."

ஏறினான். எழுந்து மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கும். சீட்டின் நுனியில் உட்கார்ந்து, நெஞ்சை ஹேண்டில்பாரில் அழுத்தி, பாறை பாறையாக ஏறினான். பட்டை அறுத்துப் பாதத்தில் ரத்தம் கசிந்தது.

பின்னாலேயே வந்த கவுஸ் பாஷா கத்தினான்: "விழுந்தா தூக்க மாட்டேன் பாய்! தூக்குனா கணக்குல வராது!"

ஜமீர் விழவில்லை. தர்கா வாசலில்தான் வண்டி நின்றது. ஆண்டிகூடக் கை தட்டினார்.

கவுஸ் பாஷா டயரை உதைத்தான். "உன் செருப்பக் கழட்டிட்ட, சரி. உன் வண்டி ரெண்டு ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டு வந்திருக்குதே, அத யாரு கழட்டறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜமீர் வாசலில் நின்ற தாய் ஜான் பீயைப் பார்த்தான். "அம்மா, நீயாச்சும் சொல்லும்மா."

ஜான் பீ அருகில் வந்தாள். மகனின் வியர்வையைத் துடைக்கத்தான் வருகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ அவன் தலையிலிருந்த போர்வையை அவிழ்த்து, இளையவன் தலையில் கட்டினாள்.

"வூட்டுக்கு ஒரு கொறை போதும்டா. அவுலியா காரியத்துல வேணாம்."

அவர்கள் உள்ளே போனார்கள். ஜமீரால் நிற்க முடியவில்லை. வெளிச்சுவரோரம் கையேந்தி உட்கார்ந்திருந்தவர்களின் வரிசைக் கடைசியில் சரிந்தான். தொழுதுவிட்டு வந்த யாரோ ஒரு பெண் அவன் மெலிந்த காலைப் பார்த்தாள். உச்சுக்கொட்டி, மடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போனாள்.

அவன் அதை எடுத்து எறியக் கை ஓங்கினான். திரும்பி வந்த ஜான் பீ தடுத்தாள்.

"எறியாதடா. நல்ல மனசோட போட்டிருக்காங்க, வச்சுக்க."