சாகித்யகர்த்தாவும் சூடான போண்டாவும்

கச்சேரியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே எழுந்து, "இந்தக் கீர்த்தனை பிறந்த கதை என்னவென்றால்..." என்று ஆரம்பிக்கும் ஒரு ஜீவனைப் பார்த்திருப்பீர்களே, அது நான்தான். கொல்கத்தாவில் ஒரு தமிழ்ச் சபாவில் பல வருஷமாக இந்த வேலை. பகலில் சால்ட் லேக்கில் அரசாங்க உத்தியோகம். அங்கேயும் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். காது கொடுக்க ஆளில்லாமல் பேசிப் பழகிய சகோதர சகோதரிகளே, இதெல்லாம் உங்களுக்காகத்தான்.

எண்ணெய் காயும் நேரம்

நான் எழுந்தால் ஹாலே எழுந்துவிடும். எனக்குத்தான் மரியாதை என்று முதலில் பூரித்துப்போனேன். பார்த்தால் எல்லோரும் கேண்டீனுக்குப் போகிறார்கள்! சாகித்யகர்த்தா ஆற்றங்கரையில் மனமுருகி நிற்கும் கட்டத்தில் மிச்சம் இருந்தது, தூங்கும் ஒரு மாமாவும் ஒரு பெங்காலி அம்மாளும்தான்.

கேண்டீன் மணியிடம் போய், "கொஞ்சம் லேட்டா போண்டா போடக்கூடாதாப்பா?" என்று கெஞ்சினேன். மணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, நான் கடிகாரமே பாக்கறதில்லை. உள்ளே உங்க குரல் கேட்டாதான் எண்ணெயைக் காய வைப்பேன். கதை முடியறதுக்குள்ள ரெண்டு ஈடு போயிடும்!"

பௌதியின் கேள்வி

அந்தப் பெங்காலி அம்மாள் டாக்குரியாவிலிருந்து வருகிறவர். சபாவில் எல்லோருக்கும் அவர் பௌதி, அதாவது அண்ணி; அவருக்கு நான் தீதி, அதாவது அக்கா. அவருக்காகவே கதையைப் பெங்காலியிலும் சொல்வேன்.

அன்று சொன்னது, ராஜா அனுப்பிய பொன்னை வேண்டாமென்று திருப்பி அனுப்பிய சாகித்யகர்த்தாவின் கதை. (பெயர் சொல்லமாட்டேன். சொன்னால், கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இரண்டு கோஷ்டி சண்டைக்கு வரும்.) அந்த வைராக்கியத்தில்தான் பாட்டே பிறந்தது என்று கண்கலங்கி முடித்தேன். பௌதி கையைத் தூக்கிப் பெங்காலியில் ஒன்று கேட்டார். "எல்லாம் சரி தீதி, திருப்பி அனுப்பறதுக்கு முன்னால, வீட்டுல இருந்த அவர் சம்சாரத்தை ஒரு வார்த்தை கேட்டாரா?"

செயலாளரின் கெடு

போன டிசம்பரில் புதுச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். "பேச்செல்லாம் எதுக்கு மேடம்? பாட்டு, ராகம், தாளம் எல்லாத்தையும் திரையில போட்டுடலாம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் பிள்ளைகள் பெங்காலியில் பதில் சொல்கிறார்கள். வாய் நிறையத் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே இடம் அந்த மைக்தான்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "சரி, ஒரே ஒரு சான்ஸ். நாளைக்கு நீங்க பேசும்போது பாதி ஹாலாவது உக்காந்திருந்தா மைக் உங்களுக்கு. இல்லேன்னா திரைதான்."

போண்டா ஆறிய மாலை

மறுநாள் முதல் பாட்டுக்கே வழியில்லை. மிருதங்க வித்வானின் கார் நியூ டவுன் பக்கம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. "அவர் வர்ற வரைக்கும் எதையாவது பேசுங்க!" என்று செயலாளரே என் கையில் மைக்கைத் திணித்தார். நான் தொண்டையைக் கனைத்ததுமே கேண்டீனிலிருந்து வாசனை கிளம்பியது. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் முன்வரிசையில் பௌதியைப் பார்த்தேன். அதே பொன் கதையை எடுத்தேன், ஆனால் இந்தத் தடவை சமையலறையிலிருந்து. "வாசல்ல பொன் நிக்குது. உள்ளே அரிசிப் பானை காலி. அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க!" பௌதிக்காகப் பெங்காலியிலும் ஒரு தடவை கேட்டேன்.

எழுந்த ஒரு மாமி நின்றார். "நானா இருந்தா தம்பூராவை ஒளிச்சு வச்சிருப்பேன்!" அவர் கணவர் விடவில்லை: "அப்புறம் பாட்டு எங்கேடி வந்திருக்கும்?" ஹால் கொல்லென்று சிரித்தது. போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். "அவளும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பா. அதுக்கு முன்னால ஒரு மூச்சு திட்டித் தீர்த்திருப்பா" என்றார் பௌதி பெங்காலியில். மிருதங்க வித்வான் வந்ததையே யாரும் கவனிக்கவில்லை. அவரும் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். செயலாளர் நிறைந்த ஹாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கைகாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மணி வந்தான், கையில் ஜல்லிக்கரண்டியோடு. சண்டைக்குத்தான் வருகிறான் என்று பயந்தேன். "ஒரு ஈடுகூடப் போகலைக்கா, எல்லாம் ஆறிப்போச்சு! அது கிடக்கட்டும்... கடைசியில அந்தம்மா பொன்னைத் தொட்டாவது பாத்தாங்களா இல்லையா?"

இப்போதெல்லாம் மைக் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மணிதான், என் குரல் கேட்டால் அடுப்பை அணைக்க வேண்டியிருக்கிறது என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டு திரிகிறான்.