அறுபது கிலோச் சித்தப்பா

எங்கள் தெருக் கபடிக் குழுவுக்குப் பொன்விழா வருகிறதாம். மலர் போடுகிறார்கள். குழுவின் வரலாற்றை நான்தான் எழுதித் தரவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒருமனதாகத் தீர்மானம் ஆகிவிட்டது. ஒருநாள்கூடக் களத்தில் இறங்காதவன் என்பதால் என்னிடம் நடுநிலைமை இருக்குமென்று நம்புகிறார்கள். நான் இறங்காததற்குக் காரணம் நடுநிலைமை அல்ல, உடம்பு. பத்து வயதிலேயே என்னைப் பிடிக்க எதிரணி தேவைப்படவில்லை. பாதியில் நானே நின்றுவிடுவேன்.

தேவதானம் போட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் தோற்றதற்கு மட்டும் ‘எதிர்பாராத காரணங்களால்’ என்று போடச் சொன்னார்கள். போட்டுவிட்டேன். அந்த எதிர்பாராத காரணம் எங்கள் வீட்டு அடுப்படியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தது என்பதை மலரில் எழுத முடியாது. இங்கே எழுதலாம்.

எங்கள் பக்கத்தில் கபடியை எடைப் பிரிவு வைத்து நடத்துவார்கள். அறுபது கிலோப் போட்டி என்றால், ஆடுகிற ஒவ்வொருவரும் ஆட்டத்துக்கு முன் தராசில் ஏறி, அறுபதுக்குள் இருப்பதைக் காட்டவேண்டும். ஆகவே போட்டி நெருங்கினால் தெருவில் இளவட்டங்கள் யாரும் வயிறாரச் சாப்பிடுவதில்லை. ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீர் குடிக்காமல் எச்சிலைத் துப்பித் துப்பிக் குறைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஏதோ கூட்டு வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள்.

குழுவில் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருவதில் சித்தப்பாவுக்கு நிகர் கிடையாது. ஆனால் எடை கொஞ்சம் கூடுதல். அதனால் என்னைக் காவலுக்கு வைத்தார்.

“ஏலே, எனக்கு யாரு சோறு வச்சாலும் நீ சத்தம் போடணும், என்ன?”

சத்தம் போட்டேன். அவர் வேண்டாமென்று தள்ளிய தோசையெல்லாம் என் தட்டுக்கு வந்தது. அவர் உடம்பிலிருந்து குறைந்த எடை எங்கே போனது என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கபடி முடிந்த அதே வாரத்தில் போலீஸ் தேர்வுக்கான ஓட்டம். முந்தைய வருடம் கபடியில் முட்டி பிசகி, அந்த ஓட்டத்தில் சித்தப்பா பாதியில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்பா பட்டாளத்தில் இருந்ததால் வீட்டில் அம்மாதான் எல்லாம். அம்மாவுக்குக் கொழுந்தன் காக்கி போட்டுப் பார்க்கவேண்டும்.

குழுவின் கேப்டன் வீட்டுக்கே வந்தார். சித்தப்பா தயங்கித் தயங்கி, “இந்த ஒரு மட்டம் என்னை விட்டுருங்கண்ணே. ஓட்டம் முடியட்டும்” என்றார்.

“ஏம்லே, லத்தி கைக்கு வருமுன்னயே நடுக்கமா? உன் முட்டிய உங்க மதினி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காகன்னு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் சிரிக்கான்.”

சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. “வாரேம்ணே” என்றார்.

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது அபூர்வமான சம்பவம். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தோம். சித்தப்பா அறுபதுக்குள் வந்திருந்தார். தெருவே கைதட்டியது. நாங்கள் வீடு திரும்பினால், கறிக்குழம்பு வாசம் வாசலிலேயே வந்து கையைப் பிடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்காக எங்கள் வீட்டில் சனிக்கிழமை முட்டைகூட உடைப்பதில்லை.

“சனிக்கிழமையாச்சே மதினி?” என்றார் சித்தப்பா.

“பெருமாள்ட்ட நான் பேசிக்கிடுதேன். செத்த நேரம் உக்காருங்க தம்பி.”

நான் காவல்காரன் அல்லவா? “அறுபது! அறுபது!” என்று கத்தினேன். சித்தப்பா தட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “சும்மா இருலே” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

“எம்புட்டு மதினி வைப்பிய, போதும்.”

“அம்புட்டுத்தான் தம்பி, சட்டியில இல்ல” என்றபடி அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினாள். காலையில் இட்லிக்கும் அந்தச் சட்டியிலிருந்து குழம்பு வந்தது.

தேவதானத்தில் அறுத்த வயலைச் சமன்படுத்திக் களம் போட்டிருந்தார்கள். அரிசி ஆலைத் தராசை மாட்டுவண்டியில் கொண்டுவந்து வைத்து, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எடை பார்த்தார். சித்தப்பா ஏறினார். தராசுக் கம்பி மேலே முட்டிக்கொண்டு நின்றது. சட்டையைக் கழற்றினார். வெள்ளி அரைஞாணைக் கழற்றினார். கேப்டன் வெறிபிடித்தவர்போல, “மீசைய எடுலே!” என்றார். மர நிழலில் யாரோ பிளேடு கொடுத்தார்கள். மீசையும் போயிற்று. கம்பி அசையவில்லை.

“அரை மணி நேரம் தாரேன். ஓடிட்டு வா” என்றார் பட்டாளத்துக்காரர்.

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சித்தப்பா வயல் வரப்பில் ஓடினார். நான் காவல் கடமையோடு மூச்சிரைக்கப் பின்னால் போனேன். தென்னந்தோப்பு தாண்டியதும் அவரைக் காணவில்லை. பம்புசெட்டுப் பக்கம் போய்ப் பார்த்தால், குழாய்க்குக் கீழே குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“வாய் கொப்பளிக்கேன்லே” என்றார்.

அவர் துப்பவில்லை. நான் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. மீசையில்லாத சித்தப்பாவைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலேயே கவனம் போய்விட்டது.

அரை மணி நேரம் ஓடிவந்தவர் முன்னைவிடக் கால் கிலோ கூடியிருந்தார். பட்டாளத்துக்காரர் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சித்தப்பா வெளியே உட்கார்ந்தார். குழு தோற்றது.

சாயங்காலம் கேப்டன் எங்கள் வாசலில் நின்று கத்தியது கோடித்தெரு வரை கேட்டிருக்கும். “இவுக ஆக்கிப் போட்டுல்ல கோப்பையத் தொலைச்சாக!”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கென்னய்யா தெரியும் எடையும் கிடையும்? பிள்ளை பட்டினியா கிடக்கேன்னு போட்டுட்டேன்.”

ரேஷன் கடைக்காரர் சீனி அளக்கும்போது எட்ட நின்றே “நூறு கிராம் குறையுது” என்று சொல்கிறவள் அம்மா. வரமாட்டேன் என்று குழுவிடம் சொல்லச் சித்தப்பாவுக்கு வாய் இல்லை என்பதும், அதைத் தராசைக் கொண்டு சொல்ல வைத்துப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்பதும், அவரும் அது தெரிந்துதான் சாப்பிட்டார் என்பதும் எனக்கு விளங்க, எனக்கே ஒரு தொப்பையும் ஒரு குடும்பமும் வரவேண்டியிருந்தது. அன்றைக்கு நான் கேப்டன் கட்சி. அம்மாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

கேப்டன் போனபிறகு சித்தப்பா உள்ளே வந்தார். அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

“ஓட்டம் என்னைக்கு தம்பி?”

“வியாழக்கிழமை மதினி.”

“காலையிலயா?”

“விடிய.”

“அப்ப அன்னைக்குக் கஞ்சி மட்டும் போதும்” என்றாள் அம்மா. இரண்டுபேரும் சிரித்தார்கள். கோப்பை பறிபோன வீட்டில் வெட்கமே இல்லாமல் சிரிக்கிறார்களே என்று, பெரியவர்கள் இருவரையும் நினைத்து அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு தலைகுனிவாக இருந்தது.