பின்னாடி லூஸு

என் வீட்டுக்காரர் பேசினால் முத்து உதிர்ந்துவிடும். எனக்கோ பொறுமை என்பதே கிடையாது. பாதி காதில் விழுவதற்குள் கை வேலையைத் தொடங்கிவிடும். லுணுகலையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அவருடைய ரிமோட் காரைக் கழற்றிப் பூட்டுவதும் நான்தான். அவர் ஓட்டுவார், நான் சரிசெய்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பந்தயம். அன்று ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது இல்லை என்பதால், மண்ணைக் குவித்து வளைவும் மேடும் போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர் கத்தாருக்குப் போகிறார், இரண்டு வருட வேலை. அதற்கு முன் ஒரு தடவையாவது இறுதிப் போட்டியில் ஓடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூன்று தகுதிச் சுற்றில் எது நல்ல நேரமோ அதை வைத்து எட்டுப் பேரை எடுப்பார்கள். அவர் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதைச் சொல்லாமல், காலையிலிருந்து திருகுளியும் குறடும் கிடக்கும் ஆயுதப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

முதல் சுற்று முடிந்து வந்து காரை மேசையில் வைத்தார்.

“பின்னாடி லூஸா இருக்கு.”

அவ்வளவுதான். பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.

பின்பக்கத்து ஆணி ஒன்று விடாமல் முறுக்கிப் பார்த்தேன். எதுவும் கழன்றிருக்கவில்லை. அப்படியானால் ஸ்பிரிங்தான் தொய்ந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் பின்னால் மாட்டினேன். அதை அழுத்திப் பிடிக்கும் வளையத்தையும் கடைசிவரை இறுக்கினேன்.

இரண்டாம் சுற்றில் கார் வளைவுக்கு வளைவு பம்பரமாய்ச் சுற்றியது. திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

“இப்ப ரொம்ப லூஸு.”

“எங்க லூஸு? கையால ஆட்டிப் பாருங்க, ஏதாச்சும் ஆடுதா?”

“ஆணி இல்ல. வளைவுல வால் வழுக்கிக்கிட்டு தனியாப் போவுது. அதத்தான் லூஸுங்கிறாங்க.”

யூடியூபில் புதிதாகப் பிடித்த வார்த்தை. அதுவரைக்கும் ‘வால் அடிக்குது’ என்றுதான் சொல்வார்.

“அத அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“நீ கேக்கலயே.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். வால் வழுக்கும் காருக்குப் பின்னால் இளக்கம் வேண்டும். நான் கல்லாக்கி வைத்திருந்தேன். மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டி, வளையத்தையும் தளர்த்தினேன்.

மூன்றாம் சுற்றில் கார் மண்ணைப் பற்றிக்கொண்டு ஓடியது. ஆனால் அந்தப் பிடிப்பு கைக்குப் பழகுவதற்குள் அவருக்குப் பாதி நேரம் போய்விட்டது. பட்டியலில் ஒன்பதாவதாக வந்தார். இரண்டாம் சுற்றை நான் கெடுக்காமல் இருந்திருந்தால் உள்ளே போயிருப்பார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பதுளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன், வேறு ஏதோ வந்தது.

“அங்கிருந்து போன் எடுத்து நல்லா இருக்கேன்னு மட்டும் சொன்னீங்கன்னா, நான் அத என்னன்னு எடுத்துக்கிறது?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெமோதர தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“அப்படிச் சொன்னா, இன்னொரு தடவ கேளு,” என்றார்.