அக்காவின் அளவு ரவிக்கை

என் உடம்பை எந்த அவசரத்தில் படைத்தார்களோ தெரியாது. தோள் ஒடுக்கம், மார்பு அகலம், கை இரண்டும் உலக்கை. நெய்த துணி இழுத்தால் நீளவா போகிறது? கிழியத்தான் செய்யும். மைசூரில் பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்த புதிதில், கரும்பலகையில் மேல்வரி எழுதக் கையைத் தூக்கினால் அக்குளில் டர்ரென்று சத்தம் கேட்கும். முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

அப்போதெல்லாம் தையல்காரர் பெண்களை நாடா வைத்து அளக்க மாட்டார். பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். மண்டி மொஹல்லாவில் எங்களுக்குத் தைத்த சாயபு, கொடுத்ததை நூல் பிசகாமல் அப்படியே தைப்பார். கொடுத்ததில்தான் வினை. அம்மா கொடுத்தனுப்பியது என் அக்காவின் ரவிக்கை. அக்காவோ ஈர்க்குச்சி.

"உன்னுதைக் கொடுத்தா கடையில நாலு ஆம்பளைங்க பிரிச்சுப் பாப்பாங்கடி. கல்யாணம் ஆகாத பொண்ணு, மானம் போயிடும். கொஞ்சம் லூசா தைக்கச் சொல்லியிருக்கேன்ல?" என்பாள் அம்மா.

சாயபு கணக்கில் லூசு என்றால் அரை விரல்.

அந்த வருஷம் என்னை வேலையில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்க இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவதாக இருந்தது. அப்பா போன பிறகு வீட்டில் அடுப்பு எரிந்ததே என் சம்பளத்தில்தான். புது ரவிக்கை வேண்டுமென்று அம்மாவிடம் மன்றாடினேன். வந்தது. மறுபடியும் அக்கா அளவு! வந்த ஆத்திரத்தில் சுருட்டி மூலையில் எறிந்தேன். பிறகு நானே எடுத்து மாட்டிக்கொண்டேன். வேறு எது இருந்தது?

இன்ஸ்பெக்ட்ரஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் குனிந்து குனிந்து பலகையின் கீழ்ப்பாதியிலேயே எழுதினேன். ஏன் இவ்வளவு கீழே என்று கன்னடத்தில் கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மெச்சித் தலையாட்டினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்கே ஒரு தையல் போயிற்று.

அடுத்து, மேப்பை மேலே இருக்கும் ஆணியில் மாட்டிக் காவேரி பிறக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார்.

மாட்டினேன். அக்குளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. "ஐயோ, அம்மா!" என்று தமிழிலேயே அலறிவிட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காவேரி பிறக்கும் இடத்தை அழுதுகொண்டே காட்டினேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பிள்ளைகள் வெளியே போனதும் இன்ஸ்பெக்ட்ரஸ் கிட்டே வந்தார்.

"அளவு யாருது?" என்றார், நல்ல தமிழில்.

"அக்காவுதுங்க."

"எனக்குச் சித்தியோடது. எங்கம்மாவுக்கும் மானம் போயிடுமாம்."

கையைத் தூக்கிக் காட்டினார். அக்குளில் வேறு நிறத்தில் அகலமாக ஓர் ஒட்டு. அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். ஒடுங்கிய தோள், அகன்ற மார்பு, உலக்கைக் கை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நானே பிரிச்சு ஒட்டுப் போட்டுக்கிட்டேன். இப்ப இதைத்தான் அளவுக்குக் கொடுக்கறேன். பாடம் நல்லா நடத்தினே. வேலையைப் பத்திக் கவலைப்படாதே. மேப்பு மட்டும் கோணல்."

மறுநாள் தலைமை ஆசிரியை என்னிடம் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே அந்த ஒட்டுப் போட்ட ரவிக்கை, துவைத்து மடித்து. அதை அம்மா கையில் கொடுப்பேனா? நானே மண்டி மொஹல்லாவுக்கு நடந்தேன்.

கடையில் அன்றைக்கும் நாலு ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சாயபு பொட்டலத்தை அவிழ்த்துத் திகைத்தார்.

"இதென்னம்மா? உங்க வீட்டு அளவு மெல்லிசா இருக்குமே. இது யாருது?"

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"என்னுது. நல்லாப் பிரிச்சுப் பாருங்க."